குண்டு வந்துவிட்டது

ஜூன் 4

தம்பி,

நீ வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. உன் கடிதங்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. மூன்றும் ஓரத்தில் அறுக்கப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டு வந்தன. அந்த மதிலுக்குள்ளே என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு வயர்மேன் தன் வீட்டுக்கு எழுதுகிற 'சாப்பிட்டேன், தூங்கினேன்' என்பதைப் படிக்க ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு எழுதவே பயமாக இருக்கிறது. போனைத்தான் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தையுமா?

கடையில் டைப்பிங்கும் ஜெராக்ஸும் எப்படியோ ஓடுகின்றன. பின்னறையில் நீ விட்டுப் போன ஆறு கம்ப்யூட்டர்கள்தான் என் உயிரை எடுக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து அந்தச் சுடுகிற ஆட்டத்தைப் போடுவார்கள். இரண்டு நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் படம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இவர்கள் பொத்தானைப் போட்டு அமுக்குவார்கள், துப்பாக்கி சுடாது. சுடும்போது ஆள் செத்திருப்பான். "அக்கா, உங்க மெஷினே என்னைக் கொன்னுடுச்சு" என்று ஒருத்தன் எழுந்து போனான். நாலாம் நம்பர் பாதியில் நின்றே போகிறது. நேற்று ஒருவரும் வரவில்லை.

உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஆள் இல்லாத அறை என்றால் எனக்கு ஆகாது. ஆறு கறுப்புத் திரையும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வீட்டில் நீ இல்லை, கடையில் சத்தமும் இல்லை என்றால் நான் எங்கே போவது? அந்த ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓட என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. சிரிக்காமல் எழுது.

அக்கா


ஜூன் 13

அக்கா,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். இதைப் படிக்கிறவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஐயா, வணக்கம். என் அக்காவுக்குப் பல்லியைப் பார்த்தாலும் பயம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய மெஷினுக்கு ஒரே மந்திரம்தான்: குறை. எதைக் கண்டாலும் குறை. முதலில் பெட்டியின் மூடியைக் கழற்றி, பிரஷ் வைத்துத் தூசியைத் தட்டு. உள்ளே சூடு ஏறினால் மெஷின் தானாகவே மெதுவாகிவிடும், உன் இரண்டு நிமிடக் கதை அதுதான். அப்புறம் ஆட்டத்தின் செட்டிங்ஸுக்குப் போ. திரை அளவை 640க்கு 480 என்று வை. நிழல் வேண்டாம், புகை வேண்டாம், சுவரில் தெறிக்கிற ரத்தமும் வேண்டாம். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை ஆகக் கீழே இறக்கு. செங்கலும் சுண்ணாம்பும் போய் எல்லாம் சாம்பல் நிறக் கட்டியாகத் தெரியும், தெரியட்டும். பின்னால் ஆன்ட்டிவைரஸ் ஒன்று சதா மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும், ஆடுகிற நேரத்தில் அதை நிறுத்து. அழகு பார்ப்பதா, ஓட விடுவதா என்றால் ஓட விடுவதுதான்.

உன்னால் ஆகாவிட்டால் குண்டைக் கூப்பிடு. போன் ரிப்பேர் கடையில்தான் இருக்கும். குண்டு ஒன்று போதும், ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

தம்பி


ஜூன் 22

தம்பி,

குண்டு வந்தது. அதே பெரிய பை, அதே சிரிப்பு. உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது, அதற்கும் தானே சிரித்தது. உங்கள் வகுப்பில் அதை முதன்முதலில் குண்டு என்று கூப்பிட்டது நீதானாம், உன்னைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் பல்லை உடைப்பேன் என்கிறது. நான் கூப்பிடலாமாம்.

நீ எழுதியதெல்லாம் செய்துவிட்டோம். நாலாம் நம்பருக்குள் இருந்து எடுத்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். ஐந்து மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. நாலாம் நம்பர் மட்டும் திறந்த மைதானத்துக்கு வந்தால் திணறுகிறது. பிள்ளைகள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள் கத்துகிற சத்தத்தில் எனக்குத் தலைவலி. சந்தோஷத் தலைவலிதான்.

உன் கடிதத்தை இந்தத் தடவை இரண்டு ஓரத்திலும் அறுத்திருக்கிறார்கள். அவருக்கு வணக்கம் வைத்தாயே, அது எதற்கு? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே.

அக்கா


ஜூலை 1

அக்கா,

நாலாம் நம்பருக்கு மைதானம் ஆகாது. கண்ணுக்குத் தெரிகிற அத்தனையையும் மெஷின் வரைந்தாக வேண்டும். வெட்டவெளி என்றால் மொத்தத்தையும் வரையணும், மூச்சு வாங்கிவிடும். இரண்டு பக்கமும் சுவர் வைத்து வளைந்து வளைந்து போகிற நடை என்றால் அடுத்த வளைவு வரைக்கும் வரைந்தால் போதும், பழைய மெஷினும் பறக்கும். அதனால் நானே ஒரு களம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், கட்டம் போட்ட தாளில்.

நான் தினமும் நடக்கிற நடையையே போட்டுவிட்டேன். இங்கே வேறு எதைப் பார்த்து வரைவது? நாலு வளைவு, ஒரு படிக்கட்டு, கடைசியில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஓர் அறை. அளவெல்லாம் சரியாக இருக்கும், காலடி வைத்து எண்ணினேன். தாளைக் குண்டிடம் கொடுத்துவிடு. எங்கே என்ன வைப்பது என்று குண்டுக்குத் தெரியும்.

தம்பி


ஜூலை 12

தம்பி,

உன் களம் ஓடுகிறது. ஆறு மெஷினிலும் ஒரு தடங்கல் இல்லை. நாலாம் நம்பருக்கு இப்போது அடிபிடி.

குண்டு வந்துவிட்டது என்று தெரிந்தாலே தெருப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். இனி தினமும் மாலையில் குண்டு பின்னறையில்தான் இருக்கும், எனக்கும் துணை. நேற்று ஒருத்தன் விசைப்பலகையை ஓங்கிக் குத்தினான். அவ்வளவு நேரம் அமைதியாக இருந்த குண்டு வெடித்துவிட்டது. பையன் அழுதுகொண்டே போனான்.

நானும் உன் களத்தில் போய்ப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே யாரோ சுட்டார்கள். ஆட்டம்தான் என்று தெரியும், ஆனாலும் எழுந்து வந்துவிட்டேன். நீ தினமும் அப்படிப்பட்ட நடையிலா நடக்கிறாய்? ஒரு ஜன்னல்கூட இல்லையே.

மாதக் கடைசியில் பார்வையாளர் நாள் என்றாயே, வருகிறேன். தனியாக வரப் பயம், அதனால் குண்டோடுதான் வருவேன்.

அக்கா


ஜூலை 20

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நல்ல முறையில் நடத்தப்படுகிறேன். தங்கள் கடிதங்களில் குறிப்பிட்டுள்ள 'குண்டு' என்பது யாது என்றும், அது தற்போது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்றும், பார்வையாளர் நாளன்று அதைக் கொண்டு வருவதன் நோக்கம் என்ன என்றும் தெளிவாக எழுதி அனுப்பவும். வேறு எதையும் எழுத வேண்டாம்.

தங்கள் தம்பி


ஜூலை 24

தம்பி,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் உறையைத் திருப்பி யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்தேன். பிறந்ததிலிருந்து நீ என்னை மதித்ததே இல்லையே. யார் பக்கத்தில் நின்றுகொண்டு அதை எழுத வைத்தார்கள்?

ஐயா, இதைப் படிக்கிறவரே, குண்டு என்பது ஒரு பெண். என் தம்பியோடு படித்த பெண், இருபத்தேழு வயது, போன் ரிப்பேர் செய்கிறது. செய்கிறாள். உடம்பு கொஞ்சம் பருமன், அதனால் அந்தப் பெயர். எடை எனக்குத் தெரியாது, கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை.

தம்பி, நேற்று இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். சீருடை இல்லை. பின்னறைக்குள் போய் ஒவ்வொரு மெஷினையும் தொட்டுப் பார்த்தார்கள். குண்டு எங்கே என்று கேட்டார்கள். அது உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தது, அதனால் நான் உள்ளதைச் சொன்னேன்: "இங்க இல்லீங்க, வியாழக்கிழமை வந்துடும்." ஒருத்தர் எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆபத்தானதா என்று கேட்டார். நான் பதறிப்போய், ரொம்ப நல்லதுதான், சீண்டினால்தான் வெடிக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் உன்னையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே.

நாலாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் தாளின் நகல் அவர்கள் கையிலேயே இருந்தது. அதில் சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஏன்டா, நீ உள்ளே நடக்கிற நடையை அப்படியே வரைந்து, அளவும் போட்டு, குண்டிடம் கொடு என்று எழுதினாயே. படிக்கிறவன் என்ன நினைப்பான்? எனக்கும் அப்போது உறைக்கவில்லை. நமக்கு ஆட்டம் ஆட்டமாகவே தெரிந்துவிட்டது.

கடையைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன். தெருவில் யாராவது நின்றால் உள்ளே போய்விடுகிறேன். பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

இதை எழுத அனுமதி கொடுத்திருக்கிறார்கள். என்னைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். அடிக்கவில்லை. சாப்பாடு வருகிறது. கேள்வியும் வருகிறது, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அதே கேள்விகள்.

கேட்கிறவர் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். நான் உனக்கு எழுதியது, நீ எனக்கு எழுதியது எல்லாமே அவரிடம் இருக்கின்றன. களம் வரைந்த கடிதத்தை உன்னிடம் வர விட்டதே அது யாரிடம் போகிறது என்று பார்க்கத்தானாம். குண்டு ஒரு பெண் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். அதற்கு அவர் உன் கடிதங்களை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணுன்னா 'வந்தாள்'னு எழுதணும். நாங்க கேக்குற வரைக்கும் உங்க அக்கா ஒரு எடத்துலகூட அப்படி எழுதலை. வந்தது, இருக்கும், வெடித்தது. ஏன்?" எங்கள் வீட்டில் பிரியமானவர்களை அப்படித்தான் பேசுவோம், பிள்ளையை 'அது தூங்குது' என்போமே, அந்த மாதிரி என்றேன். "பிரியத்துக்கு அஃறிணைன்னு எந்த இலக்கணத்துல இருக்கு?" என்று கேட்டார்.

வருகிற ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு நீ வாசல் அலுவலகத்துக்கு வர வேண்டும். ஆட்டத்தைப் பென் டிரைவில் கொண்டு வா, களத்தோடு. அங்கே பார்வையாளர் பெயர் பதிகிற கம்ப்யூட்டரில் போட்டுக் காட்ட வேண்டும். நம் நாலாம் நம்பரைக் குண்டு தேடி அக்கு அக்காகப் பிரித்துவிட்டார்கள், அது இனி ஓடாது. இது நாலாம் நம்பருக்கே தாத்தா. ஆட்டம் ஓடினால் அது ஆட்டம். ஓடாவிட்டால் அது வெறும் வரைபடம், என்னை இங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டார்கள்.

களத்தைப் பற்றி வேறு எதுவும் எழுத எனக்கு அனுமதி இல்லை. குறைப்பதை மட்டும் மறந்துவிடாதே. இருக்கிற எல்லாவற்றையும் ஆகக் கீழே இறக்கு.

எனக்கும் பயமாக இருக்கிறது, அக்கா.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பி,

இது உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியிருப்பார்களா என்றும் தெரியவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

குண்டும் நானும் ஒன்பது மணிக்கே வாசலில் நின்றோம். காவலாளி யார் நீங்கள் என்று கேட்டான். நான் குண்டின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அது முன்னால் போய்ப் பையைக் கீழே வைத்து, "நான்தான் குண்டு" என்றது. உள்ளே இருந்து அந்தக் கண்ணாடிப் பெரியவர் எழுந்து வந்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவர் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். "சரி, குண்டு மனுஷிதான். வரைபடம்?" என்று கேட்டார். உறவுக்காரர் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். குண்டு வெளியே நின்றுவிட்டது. துணைக்கு அதுகூட இல்லாமல் நான் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே.

சின்ன அறை. மூன்று பேர். அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தமே லாரி ஏறுகிற மாதிரி இருந்தது. முதலில் மூடியைக் கழற்றணும் என்றேன். ஒருத்தர் ஷூ துடைக்கிற பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். தட்டினேன், தும்மினேன், மூடினேன். ஆட்டத்தைப் போட்டேன். உன் நடை வந்தது. பெரியவர் தானே உட்கார்ந்து நடக்க ஆரம்பித்தார். முதல் வளைவில் படம் ஒட்டிக்கொண்டது.

அவர் பொத்தானை அமுக்கினார், ஒன்றும் நகரவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உன்னை எங்கேயோ ஏற்றிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது, தம்பி. ஒரு நிமிஷம் கொடுங்க என்று கெஞ்சினேன்.

திரையைச் சின்னதாக்கினேன். நிழலை எடுத்தேன். புகையை எடுத்தேன். இன்னும் நகரவில்லை. அப்போதுதான் ஆன்ட்டிவைரஸ் ஞாபகம் வந்தது. பதற்றத்தில் எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. சார், உங்க காவலைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரையின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்னப் படத்தைக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். அதற்கும் போனில் யாரிடமோ அனுமதி கேட்டார்கள். கடைசியாகச் சுவர்ப் படங்களை அடிமட்டத்துக்கு இறக்கினேன். செங்கல் போயிற்று, மரம் போயிற்று, எல்லாம் சாம்பல் கட்டி. ஓட ஆரம்பித்தது.

அவர் நடந்தார். ஒரு வளைவு, இரண்டாவது, படிக்கட்டு. ஓட ஓட எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. ஏனென்றால் பக்கத்தில் நின்ற இருவரும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே தலையைத் திருப்பினார்கள். அவர்களுக்கு அந்த நடை அவ்வளவு பழக்கம். நீ அவ்வளவு சரியாக வரைந்திருக்கிறாய். ஆட்டம் என்று காட்ட வந்து, உன் குற்றத்தை நானே ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது.

கதவுக்கு முன்னால் அவர் நின்றார். "அந்தப் பக்கம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன், அது சத்தியம். நான் முதல் வளைவைத் தாண்டியதே இல்லை. குண்டிடமும் கேட்டதில்லை. அவர் கதவைத் திறந்தார்.

உள்ளேயும் சாம்பல்தான். மூன்று சுவர், ஓரமாக மடங்கிப் போகிற ஒரு மேடை, அதன் கீழே இரண்டு சின்னக் கட்டி. எதற்கும் முகமே இல்லை. அவர் முன்னால் நகர்ந்தார். என் வாய் தானாகவே பேசியது.

"பாத்து சார், அங்க படி இடிக்கும்."

சொல்லி முடிக்கவும் படம் சட்டென்று நின்றது. அவருக்குக் கால் இடித்துவிட்டது. நம் அடுப்படியின் நிலைப்படி, தம்பி. நான் முப்பது வருஷமாக இடித்துக்கொள்கிற படி. அப்புறம்தான் எனக்கே எல்லாம் தெரிந்தது. அந்த மேடையில்தான் நான் சமைக்கிறேன், அந்த இரண்டு கட்டியும் நாம் உட்கார்ந்து சாப்பிடுகிற முக்காலிகள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பெரியவர் உன் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அந்த இரண்டு கட்டிகளைத்தான் வெடிக்கிற சாமான் வைக்கிற இடம் என்று தாளில் வட்டம் போட்டிருந்தார்களாம். எங்கள் வீட்டு அடுப்படி என்று நீ இத்தனை நாளாகச் சொன்னாயாம், ஒருவரும் நம்பவில்லையாம். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் அடுப்படியைக் கொண்டுவந்து வைக்க மாட்டான்" என்று மற்றவர்களிடம் சொன்னார். என்னிடம் வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

வந்துவிட்டேன். ஆனால் உன்னை விடுவார்களா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம். ஏன்டா அந்த இருட்டு நடையின் கடைசியில் நம் அடுப்படியை வைத்தாய்?

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

விடுகிறார்கள். பதினெட்டாம் தேதி வெளியே வருகிறேன். இனி இங்கே எனக்கு வேலை இல்லை, இந்தப் பக்கமே வரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்டாய். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், எனக்குப் பயம் என்று உனக்கு எப்படி எழுதுவது? எப்போதும் சாத்தியே கிடக்கிற அந்தக் கதவுக்கு முன்னாலேதான் தினமும் போகணும், வரணும். முதல் வாரம் அங்கே வந்தாலே வியர்க்கும். ஏணியைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடுவேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவுக்குப் பின்னால் நம் அடுப்படி, உள்ளே நீ என்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டால் கால் நடக்கும். தாளில் வரையும்போது கை தானாக அதையே போட்டது. படியின் உயரத்தை மறக்காமல் போட்டேன், குண்டும் அதைப் பார்த்ததும் எந்த வீடு என்று புரிந்துகொண்டிருக்கிறது.

களத்தை எல்லா மெஷினிலிருந்தும் அழித்துவிடு. பிள்ளைகளுக்கு வேறு வரைந்து தருகிறேன், நம் தெருவையே வரைகிறேன். குண்டிடம் நான் வருகிறேன் என்று சொல். 'குண்டு சிரித்தது' என்று மறுபடி எழுதித் தொலைக்காதே, வாயால் சொல்லிவிடு.

இன்னும் ஒன்று, அக்கா. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் விடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு நீ கேட்டாலும், தெரியாது என்றுதான் சொல்வேன்.

தம்பி